மூன்றாவது பாட்டில் கேட்ட இரைச்சல்

காலி கன்டெய்னருக்குள் போய்க் கதவைச் சாத்தினால் ஒரு வாசம் வரும். துரு, தரைப் பலகைக்கு அடித்த மருந்து, போன தடவை ஏற்றிய சரக்கு... எல்லாம் சேர்ந்து வெயிலில் வெந்த வாசம். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது என் மூக்கை விட்டுப் போகவில்லை.

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் நான் சேர்ந்த புதிது. ஜெரால்டு பக்கத்து கன்டெய்னர் யார்டில் சர்வேயர். திரும்பி வருகிற காலி கன்டெய்னரில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது அவன் சோலி. அதற்குக் கருவி எதுவும் கிடையாது. உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டு நிற்பான். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை. அவ்வளவுதான்.

கதவை லேசாகச் சாத்திக்கொண்டு, அந்த அரை இருட்டில்தான் நாங்கள் பாட்டுக் கேட்போம்.

சனிக்கிழமை சாயங்காலம், வெக்கை தணிந்து கடல் காத்து வீசுகிற நேரம். என் பென் டிரைவ். லாரி பேட்டரியில் ஓடுகிற மாதிரி அவனே கட்டிய ஸ்பீக்கர். ஒரு வெளிநாட்டு ராக் பேண்டு மேல் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு கிறுக்கு. அவர்கள் பாட்டில் வார்த்தையே அதிகம் இருக்காது. கிட்டார் மெல்ல ஏறும்... ஏறிக்கொண்டே போகும்... கடைசியில் டிரம்ஸ் வந்து விழும் பாருங்கள், கன்டெய்னர் சுவரே அதிரும். ஜெரால்டு கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பான்.

புது ஆல்பம் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்துதான் முதலில் கேட்க வேண்டும், முடிகிற வரை யாரும் பேசக்கூடாது. இது எங்கள் சட்டம்.

அப்படித்தான் அந்த ஆல்பமும் வந்தது. டிரம்ஸ் இல்லை. ஏற்றம் இல்லை. தொட்டும் தொடாமலும் ஒரு பியானோ... பெரிய பெரிய இடைவெளி. பாதியில் வாட்ச்மேன் அண்ணாச்சி கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"என்னலே, பாட்டு ஓடுதா, நின்னுட்டா?"

எனக்கோ மூன்றாவது பாட்டில் கண் கலங்கிவிட்டது. பியானோவுக்கு அடியில் ம்ம்ம்ம் என்று ஒரு இரைச்சல், விடாமல் ஓடியது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுகிற மாதிரி.

முடிந்ததும் ஜெரால்டு, "எப்ப ஆரம்பிக்கும், எப்ப ஆரம்பிக்கும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். முடிஞ்சே போச்சேலே!" என்றான்.

"மூணாவது பாட்டுல அடியில ஒரு இரைச்சல் வந்துச்சே... அது ஒண்ணு போதும்லே எனக்கு."

"ஏலே, அது வந்து..."

நான் எங்கே பேச விட்டேன்? "உனக்குக் கேக்கத் தெரியல" என்று வெட்டிவிட்டேன்.

அவன் ஸ்பீக்கர் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னான். "அமைதிதான் வீட்டுல கெடக்கே மக்கா. அம்மா போனதுல இருந்து டிவிய ஓட விட்டாத்தான் ஒறக்கமே வருது. இங்கனயும் வந்து அதையே கேக்கணுமா?"

அன்றைக்கு இதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும். நான் வாங்கவில்லை.

அந்த பேண்டுக்கு இணையத்தில் ஒரு ரசிகர் குழு உண்டு. நாங்கள் இரண்டு பேரும் அதில் இருந்தோம். அங்கே அடிதடி. இதுதான் அவர்களுடைய உச்சம் என்று பாதிப் பேர். பிள்ளையைத் தூங்க வைக்க நல்ல ஆல்பம் என்று மீதிப் பேர். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் விரலால் கெட்டேன். "டிவி ஓடினால்தான் தூக்கம் வரும் என்கிற ஆட்களுக்கு இந்த ஆல்பம் புரியாது. எனக்கே ஒருவரைத் தெரியும்" என்று எழுதினேன். பத்துப் பேர் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜெரால்டு அந்தக் குழுவில் ஒரு வரி விடாமல் படிப்பவன்.

திங்கட்கிழமை ஒரு கன்டெய்னர் விஷயமாக யார்டுக்குப் போனேன். அவன் பேப்பரிலிருந்து நிமிரவே இல்லை.

"நம்பர் சொல்லுங்க சார்."

சார்! அதுவரை என்னை ஏலே, மக்கா என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி, ஒரு டீயோடு முடித்திருப்பேன். சாருக்கு என்ன பதில் சொல்வது? நம்பரைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க எத்தனையோ நாள் இருந்தது, கேட்கவில்லை. ஏழெட்டு மாசம் கழித்து அவன் ஓமனுக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று வாட்ச்மேன் அண்ணாச்சி சொல்லித்தான் தெரியும்.

இப்போது என் மகன் படிப்புக்காக அவனும் என் வீட்டுக்காரியும் சென்னையில் இருக்கிறார்கள். இங்கே நான் மட்டும். நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கியிருக்கிறேன். போன மாசம் ஒரு மத்தியானம் அந்த ஆல்பத்தைப் போட்டேன். மூன்றாவது பாட்டு...

இரைச்சலைக் காணோம்.

திரும்பப் போட்டேன். வேறு ஆப்பில் தேடிப் போட்டேன். பியானோ இருக்கிறது, இடைவெளி இருக்கிறது. அடியில் ஒன்றுமே இல்லை.

அடுத்த வாரம் வேலையாக அதே யார்டுக்குள் நடந்தபோதுதான் கேட்டது. ம்ம்ம்ம்... இறால் ஏற்றுமதிக்கு நிற்கிற ரீஃபர் கன்டெய்னர். குளிர் குறையாமல் இருக்க கரண்டில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வரிசைக்குப் பக்கத்தில் கிடக்கிற காலி கன்டெய்னரில்தான் நாங்கள் எப்போதும் உட்காருவோம். சத்தத்தை வைத்தே எந்த ரீஃபர் ஓடுகிறது, எது மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவான் ஜெரால்டு. "ஏலே, அது வந்து..." என்று அவன் ஆரம்பித்தது இதைத்தான். அங்கேயே நின்றுவிட்டேன். லாரிக்காரன் ஹாரன் அடித்துத்தான் நகர்ந்தேன்.

அன்றைக்கு ஒரு ஸ்பீக்கர், இரண்டு பேர். இன்றைக்கு உலகத்துப் பாட்டெல்லாம் பாக்கெட்டில் கிடக்கிறது. நல்லா இருக்குல்ல என்று திரும்பிக் கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை. தனியாக இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்? டிவி ஓடினால்தான் எனக்கும் தூக்கம் வருகிறது.

அவன் நம்பர் யாரிடமும் இல்லை. இதைப் படிக்கிற தூத்துக்குடி ஆட்கள் யாராவது ஜெரால்டுக்கு இதைக் காட்டினால் புண்ணியமாகப் போகும்.

ஜெரால்டு, அந்தப் பாட்டுல இரைச்சலே இல்லலே. நீதான் சரி. நான் எழுதுனது தப்பு. வாய்க்கு வந்தபடி ஏசு, கேட்டுக்கிடுதேன்.

ஆனா ஏலேன்னு கூப்பிட்டு ஏசு.