கிளாரன்ஸ் திருத்திய ரப்பர் கிண்ணம்

ஒழுங்காக ஓடுகிற பொருள் எதைக் கண்டாலும் கிளாரன்ஸுக்குக் கை அரிக்கும். ஜீவனஹள்ளியில் அவன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஃபிட்டர் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஸ்பானரும் கையுமாக உட்கார்ந்துவிடுவான். ஜன்னல் கொக்கியைத் திருத்தினான். அன்றிலிருந்து அந்த ஜன்னலைத் திறக்க இரண்டு ஆள் வேண்டும். குழாயைத் திருத்தினான், குடம் நிறைய அரை நாள் ஆனது. இந்த மகா மேதைக்குத்தான் என் தோழி பெர்னதெத் வாக்கப்பட்டாள்.

நானும் அவளும் அல்சூரில் ஸ்ரீகண்டன் என்பவருடைய பல்பு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தோம். பல்புக்குள் எரிகிற மெல்லிய கம்பியைச் சுற்றுவது எங்கள் வேலை. தூசி படக் கூடாதென்று எல்லாருக்கும் வெள்ளைக் கோட்டு. கக்கூஸுக்குப் போக ஒரே ஒரு பித்தளை டோக்கன் ஆணியில் தொங்கும். ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு போனால், அவள் திரும்பும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். போர்மேன் தேசிகன் செய்த ஏற்பாடு இது. அவரைப் பெற்றவளும் ஒரு பெண்தான் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

மாதவிலக்கு நாட்களில் மடித்த துணியை நம்பி வெள்ளைக் கோட்டில் உட்கார முடியாது. லீவு போட்டாலோ வேலை நிரந்தரமாகாது. நான் நிரந்தரமாகிவிட்டேன், பெர்னதெத் தற்காலிகம். வருடக் கடைசியில் முதலாளியே வந்து பார்த்து, யார் இருக்கலாம், யார் போகலாம் என்று சொல்வார். கல்யாணத்துக்குப் பிறகு அவளுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இருந்தது கம்பெனியில் அவள் உட்காரும் ஸ்டூல் ஒன்றுதான். அதை விடக் கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

வெளிநாட்டுக்கு நர்ஸாகப் போயிருந்த அவளுடைய அக்கா பிரிஜெட், 1960இல் ஒரு ரப்பர் கிண்ணம் அனுப்பினாள். உள்ளே வைத்துக்கொண்டால் உதிரம் அதில் சேரும். எடுத்துக் கொட்டிக் கழுவலாம், கொதிக்க வைத்து மறுபடி பயன்படுத்தலாம். பெர்னதெத் துணிச்சல்காரி, போட்டுப் பார்த்தாள். அன்று சாயங்காலம்வரை டோக்கன் பக்கம் திரும்பவே இல்லை. எடுக்கும்போதுதான் கஷ்டம், வழுக்கும், இறுகப் பிடித்துக்கொள்ளும். அடுத்த மாதமே அதற்கும் வழி கண்டுகொண்டாள். குந்தி உட்கார்ந்து அடிப்பாகத்தை விரலால் அமுக்கினால் காற்றுப் புகுந்து பிடி விட்டுவிடும். ஆனால் அதற்குள், "எடுக்கிறதுதாங்க கொஞ்சம் பேஜாரா இருக்கு" என்று புருஷனிடம் சொல்லித் தொலைத்திருந்தாள்.

போதாதா அவனுக்கு. காக்ஸ் டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்த அவன் கூட்டாளி டென்சிலைப் பிடித்துக்கொண்டான். இரண்டு ஆம்பிளைகள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பெண்பிள்ளை உடம்புக்குப் படம் போட்டார்கள்.

"போட்டுக்கிறவள ஒரு வார்த்தை கேட்டியாப்பா?" என்றேன்.

"அவளுக்கு மெக்கானிசம் புரியாது, ஜோசஃபினக்கா. இது வேக்கம் பிராப்ளம்."

முதலில் ஒரு பித்தளை இடுக்கி வந்தது. பெர்னதெத் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத டென்சில் மூக்குல மாட்டிப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றாள். அடுத்து, கிண்ணத்தைக் கொதிக்க வைக்க ஒரு மூடி போட்ட டின். ரப்பர் அடியில் ஒட்டாதபடி உள்ளே கம்பி வலை. அது நல்ல பொருள்தான், ஒத்துக்கொள்கிறேன். அதோடு நிறுத்தியிருந்தால் அவன் கிளாரன்ஸ் இல்லையே.

அவள் ஒக்கலிபுரத்துக்கு அம்மாவைப் பார்க்கப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிண்ணத்தின் அடியில் ஓட்டை போட்டு, பிடித்து இழுக்கச் சின்ன வளையம் மாட்டிவிட்டான். ஓட்டையைச் சுற்றி டென்சில் கடை பஞ்சர் ஒட்டு. திரும்பி வந்தவள் அதை எடுத்துக்கொண்டு நேரே அவன் முன்னால் போய் நின்றாள். முதலாளி வருகிற வாரம் அது, அவளுக்கு நாளும் அந்த வாரம்தான். அவளிடம் இருந்ததோ ஒரே கிண்ணம்.

"கேக்காம ஏங்க ஓட்டை போட்டீங்க?"

"தண்ணி ஊத்தி டெஸ்ட் பண்ணியாச்சு. ஒரு சொட்டு இறங்கல. சும்னே பயப்படாத."

பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறான். அவள் வழக்கம்போல் அதைக் கொதிக்க வைத்தாள், அதுவும் அவன் செய்து கொடுத்த டின்னிலேயே. சூட்டில் ஒட்டின் ஓரம் இளகிப்போனது வெளியே தெரியவில்லை. சைக்கிள் ட்யூபை யாரும் அடுப்பில் வைத்துக் கொதிக்க வைப்பதில்லை. ஆகவே அந்த இரண்டு நிபுணர்களுக்கும் அது தோன்றவே இல்லை.

முதலாளி வந்த அன்று நான் அவளுக்குப் பின்வரிசையில் இருந்தேன். கோட்டில் சிவப்பு பரவுவதை அவளுக்கு முன்னால் நான் பார்த்தேன். ஆணியில் டோக்கன் இல்லை. தேசிகன் முதலாளியை அழைத்துக்கொண்டு அவளிடம்தான் வந்தார்.

"எழுந்து நின்னு வேலையக் காட்டும்மா."

அவள் அசையவில்லை.

"காது கேக்கலையா?"

எழுந்தாள். முதலாளி ஸ்ரீகண்டன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "இதுக்குத்தான் சார், ஆம்பிளைங்களப் போடலாம்னு சொன்னேன்" என்றார் தேசிகன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். நான் என் கோட்டைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டி வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

கிளாரன்ஸ் வாசலிலேயே நின்றிருந்தான்.

"வளையத்தப் புடிச்சு இழுத்தா ஈசியா வந்துச்சா?"

"வேலை போச்சுங்க. லீக் ஆயிடுச்சு."

"ஒட்டு இன்னும் பெருசா போட்டிருக்கணும்" என்றான். அந்தப் பித்தளை இடுக்கி அப்போது என் கைக்கு எட்டாமல் போனது அவன் செய்த புண்ணியம்.

அடுத்த கிண்ணத்தைப் பிரிஜெட் என் விலாசத்துக்கு அனுப்பினாள். அது என் அலமாரியில்தான் இருக்கிறது, அந்த நாட்களில் பெர்னதெத் வந்து எடுத்துக்கொள்வாள். அவள் இப்போது ஒரு நூல் கம்பெனியில் நிரந்தரம். துணிக்கே திரும்பிவிட்டாள் என்று கிளாரன்ஸ் நினைத்துக்கொண்டிருக்கிறான். போன செப்டம்பரில் மாதா திருவிழாவன்று கோயில் வாசலில் நின்று, பத்துப் பேர் கேட்க, "நானும் என்னென்னவோ செஞ்சு குடுத்தேன். லேடீஸுக்குப் புதுசா எது வந்தாலும் ஒத்துக்காது" என்றான். தேருக்குப் பின்னால் ஊர்வலம் முழுக்க நடந்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் நின்றிருந்தாள் பெர்னதெத். அன்று அவளுக்கு இரண்டாம் நாள்.