மலையிலிருந்து அப்பாவை இறக்கியவர்களுக்கு

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கி மடியில் வைத்திருக்கும் உறவினர்களில் சிலருக்கு இதைப் படிக்கச் சங்கடமாக இருக்கும். இருக்கட்டும்.

ரிஷிவந்தியத்துக்கு அருகில் ஒரு கூலிக் குடும்பத்தில் அப்பா பிறந்தார். கரும்பு வெட்டிக்கொண்டே பத்தாவது படித்தார். லாரியில் கிளீனராகத் தொடங்கி, அரசுப் பேருந்து ஓட்டுநரானார். கள்ளக்குறிச்சி, வெள்ளிமலை வண்டியில்தான் பெரும்பாலான ஆண்டுகள். அந்த மலை வளைவுகளில் ஒரு பயணிக்கும் கீறல் பட்டதில்லை.

அம்மா இறந்த மறு வருடம் ஓய்வு பெற்றார். சர்க்கரை ஏறிக் கிடந்தது. ஒருநாள் வெள்ளிமலைப் பக்கம் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்துப் போய்விட்டார். காலையில் ஓடை வரை நடை, ஓடையில் குளியல், பக்கத்து வீட்டுச் சடையன் அண்ணனோடு சாமைச் சோறு, ஆடுபுலி ஆட்டம். ஆறே மாதத்தில் டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார்.

“இத்தினி வருஷம் ஊருக்கு ஓட்டனேன், இனிமே எனக்கு ஓட்டிக்கிறேன். தொண்ணூறு வயசு வரைக்கும் வண்டி நிக்காது பாரு,” என்று போனில் சிரிப்பார்.

தேன் வாங்க மலைக்குப் போன பெரியப்பா, அப்பா இல்லாத நேரத்தில் அந்த வீட்டுக் கொடியில் ஒரு புடவையைப் பார்த்தார். நேராக என் வீட்டுக்கு வந்தார்.

“இன்னாம்மா, ஒங்கப்பன் மலைமேல புதுசா குடித்தனம் வச்சிக்கினு இருக்கான் போல? பொடவ காயுது!”

“யாருதுன்னு கேட்டீங்களா பெரிப்பா?”

“கேக்கறதுக்கு இன்னா இருக்குது? ஒம் பொண்ணுக்குப் பூ வெக்கற நேரம். மாப்பிள வூட்டுக்காரங்க காதுல வுழுந்தா இன்னா பண்ணுவ?”

நான் பெண்ணைப் பெற்றவள். பயந்தேன். மறுநாளே மேலே போய், கல்யாணம் முடியும் வரை வீட்டுக்கு வந்துவிடுமாறு அப்பாவிடம் அழுதேன்.

“நீயும் நம்பிட்டியாம்மா?” என்று மட்டும் கேட்டார். ஒரு பையோடு இறங்கி வந்தார்.

கல்யாணம் நடந்தது. அப்பா திரும்பிப் போகக் கிளம்பினார். பெரியப்பாவும் பங்காளிகளும் கூடி வந்து, “போன மானம் பத்தாதா?” என்று உட்கார வைத்தார்கள். என் வீட்டு மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் பதினோரு மாதம் உட்கார்ந்திருந்தார். நடை நின்றது, சர்க்கரை ஏறியது, இதயம் நின்றது.

கருமாதி முடிந்து பையைப் பிரித்தேன். உள்ளே அம்மாவின் அரக்குப் புடவை. அம்மாவின் கருமாதியில் எல்லாப் புடவைகளையும் கொடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தோம். வழக்கத்தை மீறி அப்பா ஒன்றை எடுத்து வைத்து, போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறார். அதைச் சொல்லக் கூசி, ஊர்ப் பழியைச் சுமந்திருக்கிறார்.

பெரியப்பாவிடம் காட்டினேன். வெற்றிலையை மடித்தபடியே, “அப்பவே சொல்லி இருக்கலாம் இல்ல?” என்றார்.

அந்த வெற்றிலையை நான் மறக்கமாட்டேன். மன்னிக்கவும் மாட்டேன்.

அப்பாவைக் கடைசியில் கவனித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த பேருந்துத் தொழிலாளர்களுக்கும் நன்றி. வாழ வேண்டிய விதத்தில் அப்பாவை வாழவிட்டவர் சடையன் அண்ணன் ஒருவரே. படையலுக்குக் கற்பூரம் காட்டுவது மூத்த பங்காளியான பெரியப்பாவின் உரிமை. இன்று அதைச் சடையன் அண்ணன் காட்டுவார். முதல் பந்தி அவருக்கும், அவருடன் மலையிலிருந்து வருபவர்களுக்கும். பெரியப்பாவுக்கும் இலை உண்டு, கடைசிப் பந்தியில். நானும் நம்பியவள்தான்; அவருக்குப் பக்கத்து இலை என்னுடையது.

இப்படிக்கு,
மகள்