வெஸ்த்லிக்கு ஊசி வேண்டாம்

வெஸ்த்லி முதலில் விழுத்தியது மகேந்திரராசாவை. உலர்புல் கட்டோடு பட்டிக்குள் போனவரைப் பின்னாலிருந்து வந்து நெஞ்சால் இடித்தது. அவர் எழுந்து முழங்காலில் ஒட்டிய சேற்றைத் தட்டினார்.

"விளையாடுறான்."

அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டாவதாக விழுந்தவர் துரொண்ட்ஹெய்மிலிருந்து தங்க வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. மணிக்கட்டு முறிந்தது. நிலத்தில் கிடந்தபடியே பரவாயில்லை, பரவாயில்லை என்று சொன்னார். நோர்வேக்காரர் அப்படித்தான் சொல்வார்கள். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. கால்நடை மருத்துவர் ஆன்ட்ரியாஸை அழைத்தார்கள்.

வெஸ்த்லி இரண்டு வயது ஆண் அல்பாக்கா. நீண்ட கழுத்து, நெற்றியில் தொங்கும் மயிர், தவிட்டு நிறக் கம்பளி. ஒஸ்லோவின் எல்லைக்குள், பேருந்து திரும்பும் இடத்துக்கு அப்பால் சோர்கெடாலன் பள்ளத்தாக்கில் இருக்கிறது பண்ணை. உதயகுமாரியும் கணவர் மகேந்திரராசாவும் அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். தூண்களின் மேல் நிற்கும் பழைய தானிய வீட்டில் இரண்டு அறைகள். வார இறுதிகளில் ஆட்கள் வந்து தங்குவார்கள். காலையில் அல்பாக்காக்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு காட்டுப் பாதையில் நடப்பார்கள். திரும்பி வந்து உதயகுமாரி சுட்டுத் தரும் தோசையைச் சாப்பிடுவார்கள். மகள் கம்சாயினி பகலில் பல் மருத்துவமனை ஒன்றில் வேலை செய்கிறாள். வருகிறவர்களோடு தொலைபேசியில் பேசுவதும் நாள் ஒதுக்குவதும் அவள் பொறுப்பு.

மிருகங்களுக்குப் பெயர் வைத்தது உதயகுமாரி. ரொம்சோஸ், கல்பக்கன், வைத்வெத், லிண்டருட். அம்மருட்டில் குடியிருந்த காலத்தில் வேலைக்குப் போகவும் வரவும் அவள் தூங்கியபடி கடந்த, சில நாள் இறங்காமல் தாண்டியும் போன சுரங்க ரயில் நிலையங்கள். ஒஸ்லோக்காரர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு முறை ஒருவர், ஏன் தமிழ்ப் பெயர் வைக்கவில்லை என்று கேட்டார்.

"எனக்கு இதுகள்தான் பழக்கமான பெயர்" என்றாள். "நான் பாதி வாழ்க்கை நித்திரை கொண்டது இந்த இடங்களிலைதான்."

அவள் முதலில் நோர்வேயின் வடக்கே தொழிற்சாலையில் மீன் வெட்டினாள். பிறகு ஒஸ்லோவில் அலுவலகங்கள் துடைத்தாள். அதன் பிறகு நீண்ட காலம் முதியோர் இல்லத்தில் வேலை. தூக்குவது, புரட்டுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது. வலது தோள் ஒரு நாள் மேலே வர மறுத்தது. ஊனமுற்றோர் ஓய்வூதியம் எடுக்கலாம் என்று ஓர் இளம் அதிகாரி அன்பாகச் சொன்னாள். உதயகுமாரி நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். அடுத்த வேனிலில் கம்சாயினி அவளை ஒரு பண்ணைக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஓர் அல்பாக்காவின் தலையைத் தடவக் கை நீட்டினாள். அது கழுத்தை அப்பால் இழுத்துக்கொண்டது. மீண்டும் நீட்டினாள். மீண்டும் இழுத்துக்கொண்டது.

அன்று மாலை கணவரிடம், "எனக்கு உதுகள் வேணும்" என்றாள்.

"எதுகள்?"

"என்னைத் தொடாதே எண்டு சொல்லுற சீவன்கள்."

மகேந்திரராசா அப்போது பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். அகதியாக வந்து, பிள்ளையைப் படிப்பித்து, அடுக்குமாடியில் ஒரு வீடும் வாங்கிய பிறகு பட்டி மேய்ப்பதா என்று அம்மருட்டில் பலர் கேட்டார்கள். அவருடைய அக்கா புஷ்பமலர் நேரடியாகவே கேட்டாள். "சனம் சிரிக்குது, குமாரி." உதயகுமாரி, "சிரிக்கட்டும் மச்சாள். ஞாயிற்றுக்கிழமை வந்து கிட்ட நிண்டு சிரிக்கச் சொல்லுங்கோ, தேத்தண்ணி தாறன்" என்றாள்.

தொடாதே என்று சொல்கிற மிருகத்தை விரும்பி வாங்கியவள்தான் வெஸ்த்லியைத் தொட்டுக் கெடுத்தாள்.

அது பிறந்தது ஒரு குளிர்கால விடியலில். தாய் லிண்டருட்டுக்குப் பால் இல்லை. உதயகுமாரி குட்டியைத் தூக்கிச் சமையலறைக்குக் கொண்டுவந்தாள். போத்தலில் பால் கொடுத்தாள். வாயைத் துடைத்தாள். கம்சாயினி சிறுவயதில் போட்ட கம்பளிச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுவிட்டாள். குளியலறைக் கால்மிதியைத் தன் எருக்குவியலாக அது தெரிந்தெடுத்தது. அல்பாக்காக்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் போகும். கால்மிதியை அவள் அதற்கே விட்டுக்கொடுத்தாள்.

மிருகங்களை விற்ற பெண் முதல் நாளே எச்சரித்திருந்தாள். ஆண்குட்டியைக் கொஞ்சாதே. பால் கொடுக்க வேண்டி வந்தால் மந்தைக்கு நடுவில் வைத்துக் கொடு, கொடுத்ததும் விலகிப் போ. உதயகுமாரி ஓம் ஓம் என்று தலையாட்டினாள். அவளுக்கு இந்தக் குரல் பழக்கம். கம்சாயினி கைக்குழந்தையாக இருந்தபோது சுகாதார நிலையத்துத் தாதி இதே குரலில்தான் சொன்னாள்: தனி அறையில் படுக்க வை, அழுதால் உடனே தூக்காதே. அன்றும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு படுத்தாள். ஒஸ்லோவில் அவளுக்குத் தெரிந்த தமிழ்த் தாய்மார் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பிள்ளைகள் நன்றாகத்தான் வளர்ந்தார்கள். வெள்ளைக்காரருக்குக் குட்டி வளர்க்கத் தெரியாது என்பது அதன் பிறகு அவளுக்கு ஒரு தீர்மானம்.

அந்தத் தீர்மானம் இந்த முறை பிழையாகிப் போனது.

ஆன்ட்ரியாஸ் சமையலறை மேசையில் உட்கார்ந்து விளக்கினார். குட்டியிலிருந்து மனிதக் கையில் வளர்ந்த ஆண் அல்பாக்கா தன்னை மனிதன் என்று எண்ணிக்கொள்ளும். வயது வந்ததும் மற்ற மனிதர்களைப் போட்டிக்கு வந்த ஆண்களாகப் பார்க்கும். இடிக்கும், கடிக்கும், மேலே ஏறி நசுக்கும். விதையடிக்கலாம். ஆனால் குணம் மாறும் என்று அவரால் சொல்ல முடியாது. பெரும்பாலான பண்ணைகளில் ஊசி போட்டு முடித்துவிடுவார்கள். வலிக்காது.

மகேந்திரராசா மேசையைப் பார்த்தபடி, "போடட்டும்" என்றார்.

"அம்மா, வாற சனியும் ஆக்கள் வருகினம். சின்னப் பிள்ளையளும் இருக்கு" என்றாள் கம்சாயினி. "ஃபொர்ஸிக்ரிங்காரன் இன்னொருக்கா ஒண்டு நடந்தா பாத்துக்கொண்டு இருக்க மாட்டான்."

"காப்புறுதிக்காரன் வந்து இவனுக்குப் பால் குடுத்தவனோ?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"பிழை விட்டது நான். ஊசி அவனுக்கோ?"

ஆன்ட்ரியாஸுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். உதயகுமாரி நோர்வேஜிய மொழியில் அவரிடம் சொன்னாள். "விதையடி. ஊசி இல்லை. வசந்தம் வரைக்கும் எனக்குத் தா."

"நீ என்ன செய்வாய்?"

"நீ சொன்ன மனிதனை அவனிடமிருந்து கழற்றுவேன்."

"அது நடந்து நான் பார்த்ததில்லை."

"வந்து பார்."

தானிய வீட்டின் முன்பதிவுகளை வசந்தம் வரை நிறுத்தினாள். கம்சாயினி இரண்டு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வெஸ்த்லியை விதையடித்து, கல்பக்கனும் வைத்வெத்தும் இருந்த ஆண் பட்டிக்குள் விட்டார்கள். இரண்டும் வளர்ந்த, முரட்டு மிருகங்கள். முதல் நாளே இரண்டும் சேர்ந்து அதன் முகத்தில் பச்சையாகத் துப்பின. வெஸ்த்லி வேலிக்கு ஓடி வந்து உதயகுமாரியைப் பார்த்து முனகியது. அல்பாக்காவின் முனகல் மூடிய வாய்க்குள் பாடுவது போல இருக்கும். சமையலறையில் போத்தலுக்காக முனகிய அதே முனகல். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

அன்றிலிருந்து அதை யாரும் தொடவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை. பட்டிக்குள் போகும்போது உதயகுமாரி நெஞ்சளவு உயரமான ஒட்டுப்பலகை ஒன்றை முன்னால் பிடித்துக்கொண்டு போனாள். தன் மணம் தெரியாமல் இருக்க மகேந்திரராசாவின் பழைய பேருந்துச் சீருடை மேலங்கியைப் போட்டாள். தோள் வலித்தது. பலகையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வெஸ்த்லி பலகையை இடித்தது. அவள் அசையாமல் நின்றாள். மறுநாளும் இடித்தது.

"நீர் அவனைத் திருத்திறீரோ, உம்மைத் தண்டிக்கிறீரோ?" என்று மகேந்திரராசா கேட்டார்.

"புல்லுக் கட்டைத் தூக்குங்கோ" என்றாள்.

தை மாதம் பட்டிப் பொங்கல் வந்தது. பண்ணைக்கு வந்த முதல் ஆண்டிலேயே பட்டிப் பொங்கல் வைத்தவள் அவள். அன்று அல்பாக்காக்களின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைக்கப் போய், வைத்த ஒவ்வொருவரும் துப்பல் வாங்கினார்கள். அதன் பின் பொட்டு வேலிக் கம்பத்துக்குத்தான். இந்த ஆண்டு விருந்தினர் இல்லை என்றாலும் பொங்கலை அவள் விடவில்லை. பனிக்குள் மூன்று கல் வைத்து மகேந்திரராசா நெருப்பு மூட்டினார். பால் கொதிக்க அதிக நேரம் எடுத்தது. அம்மருட்டிலிருந்து புஷ்பமலர் வந்திருந்தாள். பட்டுச் சேலைக்கு மேல் பனிக்கால மேலங்கி, கையில் குங்குமச் செப்பு.

கம்பங்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவள் ஆண் பட்டியின் முன்னால் நின்றாள். வெஸ்த்லி வேலியோரம் வந்து முனகியது.

"இஞ்சை பார், பாவம், கூப்பிடுது" என்றாள் புஷ்பமலர். "நல்ல நாளும் பெருநாளுமா ஒருத்தரும் தொடாமல் நிக்குது. என்ன கல்நெஞ்சடி உனக்கு?"

"மச்சாள், படலையைத் திறக்காதேங்கோ."

"ஒரு பொட்டுத்தானே. நான் என்ன அதைக் கலியாணம் கட்டவோ போறன்?"

படலை திறந்தது. உதயகுமாரி அகப்பையை எறிந்துவிட்டு ஓடினாள். புஷ்பமலர் கையை நீட்டிக்கொண்டு இரண்டடி உள்ளே வைத்திருந்தாள். வெஸ்த்லியின் காது பின்னால் படிந்தது. கழுத்து நிமிர்ந்தது. அது பாய்ந்தபோது உதயகுமாரி நடுவில் நின்றாள். பலகை வேலியில் சாய்ந்திருந்தது. அதை எடுக்க நேரம் கிடைத்தது, முன்னால் பிடிக்க நேரம் கிடைக்கவில்லை. இடித்தது. அவள் விழவில்லை. பலகையைத் திருப்பி அதன் நெஞ்சில் ஓங்கி அடித்தாள். மீண்டும் அடித்தாள். அவள் தொண்டையிலிருந்து எழுந்த சத்தத்தை மகேந்திரராசா அதற்கு முன் கேட்டதில்லை.

வெஸ்த்லி பின்வாங்கியது. புல்லருகே நின்ற கல்பக்கன் அதன் முகத்தில் துப்பியது.

புஷ்பமலரை வெளியே இழுத்துப் படலையைச் சாத்தினார்கள். பனியில் குங்குமம் கொட்டியிருந்தது. பொங்கல் அடிப்பிடித்த மணம் வந்தது.

"நாளைக்கு அந்த டொக்டரைக் கூப்பிடுறன்" என்றார் மகேந்திரராசா. "முடிஞ்சுது, குமாரி. எங்கட அக்காவைக் கொல்லப் பாத்துது."

"கூப்பிடுங்கோ. நடந்ததையும் சொல்லுங்கோ. அவன் வேலியைத் தாண்டி வரேல்லை. மச்சாள்தான் தாண்டிப் போனவ."

"நான் ஆசீர்வாதம் பண்ணப் போனனான்!" என்றாள் புஷ்பமலர்.

"உங்கட ஆசீர்வாதத்திலை அவன் சாகப் பாத்தவன், மச்சாள்."

புஷ்பமலர் பொங்கல் சாப்பிடாமல் போய்விட்டாள். மகேந்திரராசா அவளைப் பேருந்து வரைக்கும் கூட்டிப் போனார். திரும்பி வந்தபோது உதயகுமாரி அடிப்பிடித்த பானையைப் பனியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலது கை தோளுக்குக் கீழே தொங்கியது. அவர் பானையை அவள் கையிலிருந்து வாங்கினார். மருத்துவரை அழைப்பது பற்றி அன்றும் மறுநாளும் பேசவில்லை.

பனி கரைந்த பிறகு ஆன்ட்ரியாஸ் தானாகவே வந்தார். ஊசிப் பையோடுதான் வந்தார். உதயகுமாரி அந்தப் பையைப் பார்த்தாள். மேலங்கியைப் போட்டாள். பலகையை எடுக்காமல் பட்டிக்குள் போனாள்.

"அம்மா!" என்றாள் கம்சாயினி.

அவள் புல் தொட்டி வரைக்கும் நடந்தாள். ஆண்கள் மூன்றும் தலை தூக்கின. வெஸ்த்லி காதைப் பின்னால் மடித்தது. அவளை நோக்கி நான்கைந்து அடி வைத்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் புல்லை உதறிப் போட்டாள். அதற்குள் வைத்வெத் குறுக்கே வந்து தொட்டியை மறைத்தது. வெஸ்த்லி அதன் கழுத்தில் கழுத்தைப் போட்டு அமுக்கியது. இரண்டும் துப்பிக்கொண்டன, கத்திக்கொண்டன, புல்லுக்காகச் சண்டை போட்டன. உதயகுமாரியின் மேலங்கி முழுதும் பச்சைத் துளிகள். அவள் சண்டைக்கு நடுவால் நடந்து வெளியே வந்தாள். வெஸ்த்லி அவளைப் பார்க்கவில்லை.

ஆன்ட்ரியாஸ் வேலியில் சாய்ந்தார்.

"நான் உறுதி சொல்ல மாட்டேன். இன்னும் இரண்டு வருடம் பார்க்க வேண்டும். விருந்தினர் அவனோடு நடக்கவே கூடாது."

"நடக்க மாட்டார்கள்."

"நீயும் கொஞ்சக் கூடாது. எப்போதும்."

"தெரியும்" என்றாள். "பையைக் காருக்குள் வை. தேநீர் ஆறுகிறது."

அந்த வார இறுதியிலேயே தானிய வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் வருமுன் உதயகுமாரி ஆண் பட்டியின் படலையில் ஒரு பலகையை அறைந்துகொண்டிருந்தாள். இடது கையால் சுத்தியல். கம்சாயினி ஆணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பலகையில் நோர்வேஜிய மொழியில் சிறிதாக, உள்ளே போக வேண்டாம் என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் தமிழில் பெரிய சிவப்பு எழுத்துகள்: தொடாதேயுங்கோ.

"வாற கெஸ்ட் எல்லாம் நோர்வேக்காரர். தமிழ் ஏனம்மா இவ்வளவு பெரிசா?"

"அவை சொல்லாமலே தொடமாட்டினம். இது எங்கட ஆக்களுக்கு."

"மாமி பாத்தாக் கோவிப்பா."

"பாக்கத்தான் போட்டது. விரலை எடு, அடிக்கப்போறன்."