சௌந்தர்யாவுக்கும் சேர்த்துப் போட்ட கையெழுத்து

மொரப்பூர் ரீத்தா அரூரில் விடுதியில் தங்கிப் படிப்பவள். 2024 ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை கல்லூரியில் மனநல முதலுதவிப் பயிற்சி நடந்தது. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாத அறைத்தோழி சௌந்தர்யா வரவில்லை.

"தல வலிக்குதுடி. எனக்கும் சேத்து கையெழுத்துப் போட்டுடு. இல்லன்னா வூட்டுக்கு மெசேஜ் போயிரும்."

ரீத்தா போட்டாள். ஒதுங்கியிருப்பவர்களைத் தனியே விடக்கூடாது என்று பயிற்சியாளர் சொன்னதை நோட்டில் எழுதியும் கொண்டாள். மாலை நான்கு இருபதுக்கு அறைக்கதவை உடைத்தார்கள். சௌந்தர்யா பிழைக்கவில்லை.

வருகைத் தாளைப் பார்த்த சௌந்தர்யாவின் அப்பா ரீத்தாவிடம் கேட்டார்: "கிளாஸ்ல உன் பக்கத்துல நல்லாத்தான உக்காந்திருந்துச்சு, கண்ணு?"

"வரலீங்கப்பா. அது நான் போட்டதுங்க."

அவர் தாளை மடித்தார். "அப்போ பாப்பா பகலெல்லாம் தனியாவா கெடந்துச்சு?"