மால்டுகி சொன்னதும் கில்தே சொன்னதும்

கோசோங் ஊரில் டவுன் பஸ் ஓட்டும் ஓக் கில்தேவுக்கு வீட்டில் வாயே கிடையாது. மனைவி மியோங்சுக் வைத்ததுதான் சட்டம். ஒன்பது வயது மகள் சேபின் சனிக்கிழமையும் கணக்கு டியூஷனுக்குப் போகட்டும் என்று போன வருஷம் அவள் சொன்னபோதும் தலையாட்டிவிட்டான். தெருப் பிள்ளைகள் ரப்பர் கயிறு தாண்டுவதை, பையை மாட்டிக்கொண்டு சேபின் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போவாள். அவனுக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

இருந்த வாயெல்லாம் முகமூடிக்குள்தான். ஊர் முகமூடிக் கூத்தில் பதினைந்து வருஷமாக அவன்தான் மால்டுகி, பெரிய வீட்டு எஜமானர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கும் வேலைக்காரன். மால்டுகி யாரைக் கிண்டல் செய்தாலும் கோபிக்கக் கூடாது. ஆனால் பாயில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் பதிலுக்குக் கொடுக்கலாம்.

இந்த வசந்தத்தில் ஆடும்போது எஜமானர்களை விட்டுவிட்டு அம்மாக்கள் பக்கம் பாய்ந்தான். உழவு மாட்டுக்குக்கூட ஓய்வு உண்டு, நம் பிள்ளைகளுக்குத்தான் இல்லை என்றான். கூட்டம் “ஒல்சு”, அப்படிப் போடு, என்று குரல் கொடுத்தது. அதில் சூடேறி, தன் எஜமானி வீட்டில் ஒரு பெண் குழந்தை சிரிப்பதற்குக்கூட அட்டவணை உண்டு என்றும் சொல்லிவிட்டான்.

மூன்றாவது வரிசையில் மியோங்சுக் எழுந்தாள். கூத்துப் பக்கமே வராதவள், அன்று ஆட்டக்காரர்களுக்குச் சோற்றுச் சுருள் கொண்டுவந்திருந்தாள். முகமூடியின் கண் ஓட்டை சின்னது. அதுவரை அவன் அவளைப் பார்க்கவே இல்லை.

“டேய் மால்டுகி,” என்றாள். கூத்து வேலைக்காரனை யாரும் அப்படிக் கூப்பிடலாம். “நல்லாத்தான் பேசுற. இதையே மூஞ்சியக் காட்டிக்கிட்டு வீட்டுல வந்து சொல்லுவியா?”

கூட்டம் அவளுக்கும் ஒல்சு போட்டது. மிச்ச ஆட்டத்தை எப்படி ஆடி முடித்தான் என்று கில்தேவுக்கே தெரியாது.

வீட்டில் அவள் சேபினுக்கும் அவனுக்கும் சோறும் சூப்பும் வைத்தாள். கில்தே கரண்டியைக் கீழே வைத்தான்.

“சனிக்கிழம டியூஷன் வேணாம். அவ விளையாடட்டும்.”

மியோங்சுக் அவனையே பார்த்தாள். கோபம் இல்லை.

“நீங்க ஒரு தடவகூட வேணாம்னு சொன்னதில்லையே,” என்றாள். “உங்களுக்கும் அதான் இஷ்டம்னு நெனச்சேன். போன வருஷமே சொல்லியிருந்தா போன வருஷமே விட்டிருப்பேன்.”

அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. சேபின் பாதிச் சோற்றிலேயே எழுந்து தெருவுக்கு விளையாட ஓடிவிட்டாள், யாரும் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.