என் தங்கை எழுதிய புரோகிராம்

காலையில் நானும் என் தங்கையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே பஸ் ஸ்டாப்பில்தான் நிற்போம். அவள் வடக்கே போக வேண்டும், நான் தெற்கே. கிருஷ்ணன்கோவில் இன்ஜினியரிங் காலேஜ் பஸ் வந்து அவள் முன்னால் நிற்கும். ஜன்னலோரம் யாராவது இடம் போட்டு வைத்திருப்பார்கள். உட்கார்ந்ததும் எனக்குக் கை காட்டுவாள். நான் ராஜபாளையம் பஸ்ஸில் சாப்பாட்டுப் பையை இடுக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி மில் வரைக்கும் நின்றுகொண்டே போவேன். தொண்ணூறுகளின் பிற்பாதி அது.

அவள் என்னைவிட நாலு வயது இளையவள். நான் பிளஸ் டூ முடித்தபோது, பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு இன்ஜினியரிங் என்றார் அப்பா. அவள் முடித்தபோது, பொம்பளப் பிள்ளைக்கு இன்ஜினியரிங்தான் நல்லது என்றார். இடையில் எங்கள் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் அந்தக் காலேஜ் பஸ்ஸில் ஏறியிருந்தார்கள், அவ்வளவுதான். மார்க்கில் எங்களுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. பிந்திப் பிறந்தது ஒன்றுதான் அவள் என்னைவிடக் கூடுதலாகச் செய்த காரியம். நான் தபாலில் பி.காம் படித்தேன், கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு டிப்ளமோ முடித்தேன், நூல் மில்லில் கம்ப்யூட்டர் அறை வேலைக்குச் சேர்ந்தேன்.

கடைசி வருஷம் அவளுக்கு ஏதாவது ஒரு கம்பெனியில் புராஜெக்ட் செய்ய வேண்டியிருந்தது. "உன் மில்லுலயே கேட்டுக் குடேன்" என்றார் அப்பா. மேனேஜரிடம் கேட்டேன். அவர் கொடுத்த வேலை எது தெரியுமா? மூன்று ஷிப்டிலும் எந்த மெஷினில் எவ்வளவு நூல் ஓடியது என்று தினமும் காலையில் நான் உட்கார்ந்து கூட்டிப் போடும் ரிப்போர்ட். அதைத் தானாகவே கூட்டி அச்சடிக்கிற மாதிரி ஒரு புரோகிராம் வேண்டுமாம். என் வேலையை எடுத்து என் தங்கை கையில் கொடுத்துவிட்டு, "ஒத்தாசை பண்ணும்மா" என்று என்னிடமே சொன்னார்.

அவள் அதைக் காலேஜ் லேபில் இருந்த யூனிக்ஸ் மெஷினில் பெர்ல் மொழியில் எழுதினாள். அந்த லேபைப் பற்றிச் சாப்பிடும்போதெல்லாம் பேசுவாள். ஒரே நேரத்தில் முப்பது பேர் வேலை செய்யலாமாம், ஒருவர் வேலை மற்றவருக்கு இடைஞ்சல் ஆகாதாம். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். எங்கள் மில்லில் இருந்தது விண்டோஸ் போட்ட ஒரே ஒரு மெஷின். அதன் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் பஞ்சு கொட்டும்.

புரோகிராமை ஃபிளாப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். விண்டோஸுக்கான பெர்லையும் எங்கள் மெஷினில் ஏற்றினாள். மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் என்டர் தட்டினாள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது: அந்தப் பெயரில் மாட்யூல் எதுவும் இங்கே இல்லை.

"காலேஜ்ல ஓடுச்சுன்னியேம்மா?" என்றார் மேனேஜர்.

"அங்க நல்லா ஓடுச்சு சார்."

"நமக்கு இங்கதான ஓடணும்?" என்று எழுந்து போய்விட்டார்.

என் நெஞ்சில் பானைத் தண்ணீர் ஊற்றினாற்போல் குளிர்ந்தது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "பசிக்குதுக்கா" என்று என் பையைத் திறந்து, எலுமிச்சம்பழச் சோற்றில் பாதிக்கு மேல் தின்றாள். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. தோற்றபிறகு ஒருத்திக்கு எப்படி இப்படிப் பசிக்கும்?

மாட்யூல் என்பது வேறு யாரோ எழுதி வைத்த துண்டு. எல்லாவற்றையும் நாமே எழுதாமல் அதைக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளலாம். அவள் கூப்பிட்டவை எல்லாம் யூனிக்ஸுக்கென்று எழுதப்பட்டவை. விண்டோஸில் சிலது கிடையவே கிடையாது, சிலது பெயருக்கு இருந்தாலும் வேலை செய்யாது. அவளுக்கு அந்த வாரம் பரீட்சை. "செத்த பாத்து வையிக்கா, எது எது ஒத்து வரலைன்னு மட்டும் பாரு" என்று ஃபிளாப்பியை என்னிடம் விட்டுப் போனாள்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில், அவளுடைய பெர்ல் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். திரையில் கட்டம் கட்டமாக அழகு காட்டுகிற மாட்யூல் ஒன்று. அதைத் தூக்கிவிட்டுச் சாதாரண வரிகளாகப் போட்டேன். உடனே அடுத்த தப்பு தலைகாட்டியது. ஒரு ஃபைலில் ஒருவர் எழுதும்போது இன்னொருவர் தொடாமல் பூட்டு போடுகிற வேலை; இந்த மெஷினில் அப்படி ஒன்று இல்லை என்றது. இங்கே இருப்பதே நான் ஒருத்தி, யாருக்காகப் பூட்டு? எடுத்துவிட்டேன். பிறகு, டெம்ப் என்ற ஃபோல்டரைக் காணோம் என்றது. அவள் மெஷினில் அது எப்போதும் இருக்கும் போல. எங்கள் மெஷினிலும் அந்தப் பெயரில் ஒன்றை உண்டாக்கினேன்.

சிரமமெல்லாம் பரவாயில்லை. அவள் எழுதியிருந்த விதம்தான் என்னைப் பாடாய்ப்படுத்தியது. நான் இருபது வரியில் சொல்வதை அவள் மூன்று வரியில் சொல்லியிருந்தாள். படிக்கப் படிக்க, எனக்கு யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லையே என்று வயிறு எரிந்தது.

நாலாவது இடத்தில் நான் நின்றுபோனேன். புரோகிராம் ஓடும்போதே தன்னை இரண்டாக்கிக்கொண்டு, ஒன்று கணக்கைக் கூட்ட, மற்றது அச்சடிக்கும்படி எழுதியிருந்தாள். விண்டோஸில் இருந்த பெர்ல், அந்த வசதி இங்கே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. என்னென்னவோ மாற்றிப் பார்த்தேன். நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு. மேனேஜரிடம் சொல்லிவிட்டு இருவரும் போனோம். அன்றைக்கு மட்டும் இருவருக்கும் ஒரே பஸ்.

"இது இந்த மெஷினுல வராதுட்டி. ரெண்டு வேலையையும் ஏன் ஒரே நேரத்துல பண்ணணும்? கூட்டி முடிச்ச பொறவு அச்சடிச்சா என்ன?" என்றேன்.

"அப்ப அதோட அழகே போயிருமேக்கா."

"இங்க காலைல எட்டு மணிக்குத் தாள் கைக்கு வந்தாப் போதும். அழகை எவன் பாக்கான்?"

அவள் கடித்துக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டு புரோகிராமாகப் பிரித்து, ஒன்று முடிந்ததும் மற்றதைக் கூப்பிடுகிற மாதிரி எழுதினாள். நான் ஒரு வாரம் முட்டிக்கொண்டு நின்ற இடத்தை, நான் டீ வாங்கிவந்து வைப்பதற்குள் தாண்டிவிட்டாள். யோசனை என்னுடையதுதான். ஆனால் அந்த விரல்கள் என்னுடையவை இல்லை. பிரிண்டர் கறகறவென்று தாளைத் தள்ளியபோது இருவரும் கைதட்டினோம். அந்த நேரத்துச் சந்தோஷம் பொய்யில்லை. அதற்கு அடியிலேயே மற்றதும் இருந்தது.

காலேஜிலிருந்து அவளுடைய பேராசிரியர் புராஜெக்டைப் பார்க்க மில்லுக்கு வந்தார். ரிப்போர்ட் பிசகாமல் வந்தது. ஒரே நேரத்தில் செய்கிற வேலையை ஏன் பிரித்தீர்கள் என்று கேட்டார். அவள் சட்டென்று என் பக்கம் திரும்பி, "எங்கக்கா சொன்ன யோசனை சார். முக்கால்வாசி அவங்க திருத்தினதுதான்" என்றாள்.

அவர் என்னிடம், "நீங்க எந்தக் காலேஜ்?" என்றார்.

"கம்ப்யூட்டர் சென்டர்ல டிப்ளமோ சார்."

"நல்லது" என்றார். அடுத்த கேள்வியை அவளிடம் கேட்டார்.

வீட்டிலும் அவள் சொல்லத்தான் செய்தாள். "அப்பா, அக்கா இல்லன்னா இது ஓடியிருக்காது."

"கூடமாட இருந்தாளா? நல்லதுத்தா" என்று அப்பா அவள் தலையைத் தடவினார். அவள் கொஞ்சம் திருட்டுத்தனம் செய்து, எல்லாம் தானே செய்ததாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபப்பட ஒரு காரணம் கிடைத்திருக்கும். பெருந்தன்மையையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

படிப்பு முடிந்ததும் பெங்களூரில் வேலை கிடைத்துப் போனாள். மில்லில் புதிதாக மெஷின்கள் வந்தன. ரிப்போர்ட்டும் மாறியது. அதற்கான புரோகிராமை, எந்த மாட்யூலையும் நம்பாமல், முதல் வரியிலிருந்து நானே எழுதினேன். நீளமாகத்தான் இருந்தது. ஓடியது.

முதல் தீபாவளிக்கு வந்தவள் இளைத்திருந்தாள். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்ல. ஒரு வரி சொந்தமா எழுத விடமாட்டேங்காக. எவனோ வேற மெஷினுக்கு எழுதுனதை எங்க மெஷினுல ஓட வைக்கணும். அம்புட்டுதான் வேலை. அன்னைக்கு மில்லுல நீ பண்ணியே, அதேதான்" என்றாள். பிறகு, "உனக்காவது நீயே எழுதுறதுக்கு ஒரு மெஷின் இருக்கு" என்றாள்.

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. ஈரச் சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. ஆனால் சேலையை உதறிக் கொடியில் போடுவதற்குள், நான் மில்லில் செய்ததையே செய்தாலும் அதைப் பெங்களூரில் இருந்துகொண்டு செய்கிறாளே என்று தோன்றிவிட்டது.