வேலம்பாளையம் பள்ளி வாசலில் என் இரட்டைக்குழல்

வாசலில் நின்று பிழைக்கிற வேலையில் சம்பளம் தாமதமாக வந்தாலும் கால்வலி மட்டும் டாண் என்று வந்துவிடும். என்னைப் போல நிற்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

நான் சிவகங்கைப் பக்கத்து ஆள். பட்டாளத்திலிருந்து வந்த கையோடு லைசென்ஸ் எடுத்து ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கினேன். அதைப் பார்த்துத்தான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி எனக்கு கேட்டில் வேலை கொடுத்தார். அவரே வேலம்பாளையத்தில் பள்ளிக்கூடம் ஆரம்பித்துத் தாளாளரும் ஆனதும், "நம்ம ஸ்கூலுக்கு ஒரு கெத்து வேணுமுங்க" என்று என்னைத் துப்பாக்கியோடு அங்கே மாற்றிவிட்டார். துப்பாக்கி இல்லையென்றால் எனக்கு வேலையும் இல்லை என்பது அன்றே புரிந்துவிட்டது.

எல்கேஜி விசாரணை

ஒரு குட்டிப் பெண் வாரம் முழுக்க கேட்டுக்கு வெளியிலேயே நின்று அழுதாள். டீச்சரைக் கண்டு பயம் என்று அவள் அம்மா நினைத்தார். நானும் "அதெல்லாம் பழகிரும்மா" என்று பெரிய மனுசன் மாதிரி சமாதானம் சொன்னேன்.

ஆறாம் நாள் அழுகையை நிறுத்திவிட்டு என் தோளையே உற்றுப் பார்த்தாள். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்: "ஏனுங் தாத்தா, இங்க நீங்க யாரச் சுடுவீங்க?"

காரில் வந்தவர்கள்

பிள்ளைகளின் பைகளைச் சோதிக்கச் சொல்லி உத்தரவு. கம்பெனி லைன் வீடுகளிலிருந்து நடந்து வருகிற பிள்ளைகளின் பைகளைக் கொட்டிக் கவிழ்ப்பேன். நூல் வெட்டுகிற டிரிம்மர் அகப்பட்டால் பெரிய ஆயுதத்தைப் பிடித்தது போல ஹெச்.எம். மேசையில் கொண்டுபோய் வைப்பேன். காரில் வருகிறவர்களுக்கு ஒரு சல்யூட், அவ்வளவுதான். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

பதினொண்ணாம் வகுப்பு ஸ்டெல்லாவுக்குத் தோன்றியது. தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. அம்மா நம் முதலாளி கம்பெனியில்தான் பனியன் செக்கிங் வேலை. கவிழ்ந்த புத்தகங்களைப் பொறுமையாக அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "எல்லாரு பையையும் பாருங்க அண்ணாச்சி, இல்லன்னா யாரு பையையும் பாக்காதீங்க."

ஆயுத பூஜை

பூஜை விடுமுறைக்கு முந்தின நாளே பள்ளியில் சாமி கும்பிட்டுவிடுவோம். கம்ப்யூட்டர், பஸ் சாவி, தையல் மெஷின் வரிசையில் என் துப்பாக்கியையும் துடைத்து மாலை போட்டு வைத்தேன். எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது சின்னப் பிள்ளைகள். அது அங்கே வழக்கம். துடைத்தேன், எண்ணெய் போட்டேன், மாலை கட்டினேன். குழலிலிருந்து தோட்டாவை எடுக்க மறந்துபோனேன்.

ஒரு பொடியன் சந்தன விரலை விசைப்பக்கம் கொண்டுபோனான். பொரி கொடுத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா தட்டைப் போட்டுவிட்டு வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை. "தோட்டா இருக்கா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டாள். குழலை மடக்கிப் பார்த்தேன், இரண்டு இருந்தன. பதினேழு வருசம் பட்டாளத்தில் இருந்தவன், இரண்டையும் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, இப்போது நினைத்தாலும் வெட்கம்தான்.

கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்து சொன்னாள்: "தப்பா எடுத்துக்கிடாதீங்க. இது இங்க இருக்கவே கூடாது."

தாளாளர் அறை

சொன்னதோடு விடவில்லை. நாலைந்து பேராகச் சேர்ந்து துப்பாக்கி வேண்டாம் என்று வகுப்பு வகுப்பாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். "உங்கம்மா வேலைக்கு ஆபத்து வந்துரும்" என்று ஹெச்.எம். பயமுறுத்தியும் பிள்ளை அசையவில்லை. தாளாளர் அவளையும் என்னையும் கூப்பிட்டார். இன்றோடு நமக்குச் சீட்டு கிழிந்தது என்றுதான் போனேன்.

"மறந்தது அண்ணாச்சி தப்புதான் ஐயா. மனுசன்னா மறப்பாங்க. அதனாலதான் துப்பாக்கி வேண்டாங்கோம்" என்றாள்.

"துப்பாக்கி இல்லீன்னா இவரு எதுக்குங் கண்ணு?"

"எந்தப் பிள்ளைய யாரு கூட்டிட்டுப் போவாங்கன்னு இவருக்குத்தான் தெரியும். போன மாசம் ஒரு ஆள் பொய் சொல்லி யுகேஜி பிள்ளையக் கேட்டப்போ அனுப்பாம நிறுத்துனது இவருதான். அதுக்குத் துப்பாக்கி தேவப்படல." நானே மறந்திருந்ததை அவள் ஞாபகம் வைத்திருந்தாள்.

தாளாளர் கொஞ்சம் இறங்கி வந்தார். "செரி, ஸ்கூல்ல வெறுங்கையோடவே நிக்கட்டும். ஸ்கூல் விட்டதும் துப்பாக்கிய எடுத்துக்கிட்டு நம்ம கம்பெனி கேட்டுக்கு வரட்டும்."

எனக்கு நிம்மதி. கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். ஸ்டெல்லா மட்டும் நகரவில்லை.

"அங்க எங்கம்மா வேலை பாக்காவ ஐயா."

கம்பெனி கேட்டுக்கும் துப்பாக்கி வேண்டாம் என்று தாளாளர் ஒத்துக்கொண்டார். மறுவாரம் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ஒரு விசிலோடு வாசலுக்கு வந்தேன். முன்பெல்லாம் துப்பாக்கியைப் பார்த்து எல்கேஜிதான் பயந்தது, இப்போது லேட்டாக வருகிற வாத்தியார்கள் வரைக்கும் என்னைப் பார்த்தே பயப்படுகிறார்கள்.